முதலில் கதவை அளந்து பாருங்கள்

கேள்வி: நெய்வேலி சுரங்கத்தில் ஓய்வுபெற்ற அப்பாவுக்கு நடக்க முடியவில்லை. எந்த பேட்டரி சக்கர நாற்காலி வாங்கலாம்?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: கடைக்குப் போகுமுன் கழிவறைக் கதவை அளந்து பாருங்கள், பல வீடுகளில் நாற்காலி மாட்டிக்கொள்வது அங்கேதான். அரையடிப் படிக்கு ஆறடிச் சாய்தளம் தேவை. அங்குலத்துக்கு ஓரடி என்பது கணக்கு. சென்னை ஐஐடி 2021-இல் அறிமுகப்படுத்திய நியோபோல்ட் என்ற மோட்டார் இணைப்பு, முன்னால் பூட்டினால் நாற்காலியையே வண்டியாக்கும். ஒரு சார்ஜில் 25 கி.மீ. வரை ஓடும். கடைத்தெருவுக்கு அது அருமை. ஆனால் ஹேண்டில்பாரைப் பிடிக்கக் கையில் வலு வேண்டும். வீட்டுக்குள் ஜாய்ஸ்டிக் என்ற சிறு குச்சியால் ஓட்டும் நாற்காலிதான் சரி. அப்பா உட்கார்ந்து ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ராட்சத மண்வெட்டி இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்தவர், ஒரு குச்சிக்கா மிரளுவார்?