450 வாட் பெட்டி

நண்பர் வீட்டில் காபிக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டி தரிசனம். உள்ளே கம்ப்யூட்டர், அதற்குள் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு. 2022 அக்டோபரில் வெளிவந்தபோது 1,599 டாலர். அந்தக் கார்டு மட்டுமே 450 வாட் வரை இழுக்கும் என்றார், ஏதோ பிள்ளை ஐஐடியில் சேர்ந்ததுபோல. (எங்கள் வீட்டு மிக்சியும் கிட்டத்தட்ட அவ்வளவு இழுக்கும். அது சட்னியாவது தரும்.)

60 ஹெர்ட்ஸ் திரையை மனுஷன் பார்ப்பானா என்பது அவர் கொள்கை. ஆகவே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். நொடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கப்படுமாம்.

"அந்த வழவழப்பு தெரியுதா சார்?"

தெரிகிறது என்றேன். காபி இன்னும் வந்திருக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, லீவுக்கு வந்த அவருடைய அண்ணன் மகள் விண்டோஸ் செட்டிங்கைத் திறந்து பார்த்துவிட்டு, "சித்தப்பா, இது 60லதான் ஓடிக்கிட்டிருக்கு" என்றாள். விண்டோஸ் பல நேரம் 60லேயே விட்டுவிடும். நாம்தான் போய் மாற்ற வேண்டும்.

நண்பர் அசரவில்லை. மாற்றச் சொன்னார், நாற்காலியில் சாய்ந்தார். "பார்த்தியா, இதைத்தான் அன்னிலேர்ந்து சொல்றேன்!"

பிறகு வழக்கம்போல சாலிடேரைத் திறந்தார். 1990இல் விண்டோஸ் 3.0உடன் வந்த சீட்டாட்டம்.