புது நாப்பியை எத்தனை முறை துவைப்பது? ஒரு மூலபாட ஆய்வு

இத்துறையில் இதுவரை முறையான ஆய்வு நிகழவில்லை என்று தொடங்குவது மரபு. நிகழ்ந்திருக்கிறது, எம் வீட்டுக் கிணற்றடியிலேயே நிகழ்ந்திருக்கிறது. ஆயினும் மரபை மீறினால் பட்டம் தரமாட்டார்கள்.

மூலபாடம் மிகச் சிறியது. நாப்பிக் கட்டின் அட்டையில், உபயோகிக்கும் முன் துவைக்க வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. எத்தனை முறை என்று இல்லை. நூலாசிரியர் விட்ட இந்த இடைவெளியில்தான் உரையாசிரியர்கள் குடியேறுகிறார்கள். ஒருமுறை போதும் என்பது, துவைக்கும் பொறுப்பு தம் தலையில் விழுந்த தந்தையரின் கொள்கை. மூன்று என்பார் பாட்டி (வாய்மொழி, கிணற்றடி). ஐந்து என்பார் அத்தை (தொலைபேசி வழி, திருத்திய பதிப்பு). ஏழு, அதுவும் வெந்நீரில், வெள்ளிக்கிழமை நீங்கலாக என்பது எதிர்வீட்டு அக்காவின் பாடம் (மொட்டைமாடிச் சுவர்ப் பதிப்பு, மழைக்குச் சற்று முன், குக்கர் விசில் அடித்ததால் இறுதி அடி சிதைந்தது). அத்தை தமக்குச் சான்றாகப் பாட்டியைக் காட்டுகிறார். பாட்டியோ அத்தை சொல்லித்தான் தெரியும் என்கிறார். இப்படி ஒருவரையொருவர் மேற்கோள் காட்டியே இருவரும் பெரியவர்களாகிவிடுவது பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரியதன்று.

சர்ச்சையின் வேர் துணியில் இருக்கிறது. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகும் பெக்டினும் படிந்திருக்கும். அவை தண்ணீரை உள்ளே விடா. போதாக்குறைக்கு, தறியில் அறுந்துவிடாமலிருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். ஆலையில் காரம் சேர்த்துக் காய்ச்சி வெளுத்த துணியில் இவை பெரும்பாலும் போயிருக்கும். அதற்கு ஓரிரு துவைப்பு போதும். வெளுக்காத பழுப்புத் துணிக்கு வெந்நீரில் பல துவைப்பு வேண்டும். அதனோடு மைக்ரோஃபைபர் துணியைச் சேர்த்துப் போட்டால், கழன்ற மெழுகு இதில் போய் ஏறும்.

பாலியூரித்தேன் பூசிய மேலுறை: ஒரு துவைப்பு. சர்ச்சை இல்லை, ஆகவே அறிஞரும் இல்லை.

ஊக்கு: 1849இல் வால்டர் ஹன்ட் காப்புரிமை பெற்றார், 400 டாலருக்கு விற்றார். ஊக்கு இத்துடன் முடிந்தது.

துணியை மெதுவாக்கும் திரவம்: கூடவே கூடாது. இழைமேல் படலமாகப் படிந்து, பாடுபட்டுப் போக்கிய மெழுகின் வேலையை அது தொடரும்.

எண்ணிக்கையைத் தீர்மானிக்க எளிய வழி ஒன்று உண்டு. வெளியிட்டால் வருங்காலக் கருத்தரங்குகள் பல பாழாகும் என்பதால் தயக்கத்தோடு சொல்கிறோம். துவைத்துக் காய்ந்த துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுக. உருண்டு நின்றால் மறுபடி துவைக்க. உடனே உறிஞ்சினால் நிறுத்துக. அத்தைக்குச் செய்தே காட்டினோம். சொட்டு மறைந்தது. "அது கேன் தண்ணி," என்றார். மறுப்பு இத்தனை விரைவாக எந்த ஆய்விதழிலும் வருவதில்லை. போர்த் தண்ணீரின் உப்பு சோப்போடு திரிந்து துணியில் படியும் என்பதால் அத்தை பக்கம் பாதி நியாயமும் இருக்கிறது. அடிக்குறிப்பில் மட்டும் ஒப்புக்கொள்வதாக இருந்தோம்.

இத்தனையும் கோடித்துணிக்கு. நம் வீடுகளிலோ பச்சைக் குழந்தைக்குப் பழந்துணிதான். தாத்தாவின் வேட்டியைக் கிழித்தால் மெழுகு இல்லை, கஞ்சி இல்லை, இனிச் சுருங்கவும் மிச்சமில்லை. பல்லாண்டுத் துவைப்புச் சோதனையை ஒரு மனிதர் இடுப்பில் கட்டியபடியே நடத்தி முடித்திருக்கிறார். நிதிநல்கை எதுவும் பெறவில்லை. எமக்குக் கிடைத்த படிகள் இரண்டு. அ படி: கரை சிதைந்தது, நடுவே சுருட்டு தீய்த்த துளை (செல்லரிப்பு என்பாரும் உளர், அது பொருந்தாமை நுகர்ந்து உணர்க). ஆ படி: முழுமையானது, ஆனால் பாலியெஸ்டர் கலந்தது, இடைச்செருகல் எனத் தள்ளினோம். நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டியது போல, பாட்டி அ படியின் நைந்த நடுவை நீக்கி இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்தார். பொருள் நன்றாகவே வந்தது.

இ படி ஒன்று உண்டு. மல் வேட்டி. நைப்பு, மென்மை, உறிஞ்சல் மூன்றிலும் ஒப்பற்றது என்பது பாட்டியின் சாட்சியம். அது தற்போது பயன்பாட்டில் இருக்கிறது. பார்வையிட அனுமதி கோரினோம். தாத்தா இடுப்பு முடிச்சை இறுக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.