கொய்யாப்பழ வாத்தியார்

தாய்லாந்தில் வெள்ளைக்காரருக்கு 'ஃபராங்' என்று பெயர். கொய்யாப்பழத்துக்கும் அதே பெயர்தான். தள்ளுவண்டியில் கொய்யா வாங்கித் தின்கிற வெள்ளைக்காரரைக் கண்டால், "ஃபராங் ஃபராங் தின்னுது" என்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். இந்தியருக்குப் பெயர் 'கேக்'. விருந்தாளி என்று அர்த்தம். விருந்தாளிக்குச் சம்பளம் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ, பாங்காக்கின் வடக்கு ஓரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிற எனக்கு மாதம் 25,000 பாத். பாத்துக்கு இரண்டரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மே மாதமும், பள்ளி திறக்கிற வாரத்தில், எங்கள் ஆசிரியர் அறைக்குப் புதுக் கொய்யாப்பழம் ஒன்று வந்து சேரும். ஊர் மான்செஸ்டராக இருக்கும், இல்லாவிட்டால் ஓஹையோ. வயது 23, 24. நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். கழுத்தில் அப்பாவின் டை. ஷூவுக்கு அப்படி ஒரு பாலிஷ். அதை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும் என்பது தெரியாததால், காலுறையிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லும். எட்டு மணிக்குக் கொடியேற்றம். திங்கட்கிழமையானால் தாய் ஆசிரியர்கள் எல்லோரும் காக்கிச் சீருடையில், தோளில் பட்டையோடு வந்து நிற்பார்கள். "போலீஸ் எதுக்கு வந்திருக்கு?" என்று என் காதருகே குனிந்து கேட்பார். வருஷா வருஷம் ஆள் மாறுகிறதே தவிர, இந்தக் கேள்வி மாறவில்லை.

தகுதி? பட்டம் வேண்டும். எதில் என்று யாரும் கேட்பதில்லை. கடல் உயிரியல் படித்தவர் வந்திருக்கிறார், ஹோட்டல் நிர்வாகம் படித்தவர் வந்திருக்கிறார். கூடவே 120 மணி நேர ஆங்கிலப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று. கேம்பிரிட்ஜ்காரர்களின் செல்ட்டா என்று உருப்படியான படிப்பு இருக்கிறது. அதுவும் 120 மணி நேரம்தான். ஆனால் அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்கள் முன்னால் நின்று பாடம் நடத்தி, பின்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். போன வருஷம் வந்த நம் ஆள் செய்தது அதுவல்ல. இணையத்தில், தள்ளுபடி விலையில், இரண்டு சனி ஞாயிறுகளில் முடித்தேன் என்றார். நாளுக்கு 24 மணி வீதம் தூங்காமல் படித்தாலும் நான்கு நாளில் 96தான் வருகிறது. இதை ஒரு கணக்கு வாத்தியாரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

மிச்சத் தகுதியெல்லாம் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. எனக்கு எம்.எஸ்சி., பி.எட்., மதுரைப் பக்கம் பதினோரு வருஷம் சாக்பீஸ் தூள் தின்ற அனுபவம். இருந்தும் டோயிக் என்கிற ஆங்கிலப் பரீட்சையில் 600 வாங்கிக் காட்டச் சொன்னார்கள். வாங்கிக் காட்டினேன். அவரிடம் கேட்கவில்லை. தாய்மொழிக்காரராம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் தெருவில் எல்லோரும் தமிழ்ப் பேராசிரியர்கள்.

வந்து இரண்டாவது வாரம் முகம் வெளுத்து என் மேஜைக்கு வந்தார். (ஏற்கெனவே வெளுத்த முகம்தான், இது வேறு வெளுப்பு.) ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 'ஹேஸ் கான்', 'ஹேஸ் பீன்' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காதுக்கு எது நல்லா இருக்கோ அதைச் சொல்லுன்னேன்."

போனவன் இன்னும் திரும்பவில்லை என்றால் முதலாவது, போய்விட்டு வந்துவிட்டான் என்றால் இரண்டாவது என்று விளக்கினேன். வாய் பிளந்து கேட்டார். எங்கே படித்தீர்கள் என்றார். ரென் அண்ட் மார்ட்டின் என்றேன்.

"யாரு, இங்கே முன்னாடி வேலை பார்த்தவங்களா?"

ஒரு தேசத்தையே அடித்து அடித்து இலக்கணம் படிக்க வைத்த இரண்டு வெள்ளைக்காரர்களின் பெயரை அவர்களுடைய ஊர்ப்பிள்ளை கேள்விப்பட்டதில்லை. அன்றிலிருந்து வினைச்சொல் சந்தேகமெல்லாம் என் மேஜைக்குத்தான். சந்தேகம் தீர்க்கிறவனுக்கு 25,000, சந்தேகப்படுகிறவருக்கு 35,000. பக்கத்து மேஜையில் ஃபிலிப்பினோ ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவரும் ஆங்கிலம்தான் எடுக்கிறார். ஆண்டுவிழாவில் பாடுவார், ஆங்கில முகாமில் ஆடுவார், விடைத்தாளை அன்றைக்கே திருத்திக் கொடுப்பார். அவருக்கு 20,000.

முதல் சம்பள நாளில் நம் கொய்யாவைப் பார்க்க வேண்டும், சிற்றரசர். அறை வாடகை 6,000, தெருச் சோறு ஒரு வேளைக்கு 60, மிச்சமெல்லாம் எனக்குத்தான் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலமே தீவுக்குப் படகேறிவிடுவார். இருபதாம் தேதி வாக்கில் செவன் லெவன் கடையில் வெந்நீர் ஊற்றிய நூடுல்ஸோடு நிற்பார். சோறு மலிவுதான், சீஸ் மலிவில்லை. பீரும் இல்லை. ஊரில் கல்லூரிக் கடன் வட்டி குட்டி போட்டுக்கொண்டிருக்கும். நடுவில் விசாவுக்காக லாவோஸுக்கு ஒரு ராத்திரி பஸ். போய்வந்த செலவைப் பள்ளி கொடுக்குமா, ஏஜென்ட் கொடுப்பாரா என்று இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத் தானே கொடுப்பார். ஏஜென்ட் தனிக்கதை. பள்ளி தருகிற பணம் அவர் கையில் விழுந்து, அங்கே கொஞ்ச நேரம் இளைப்பாறிவிட்டுத்தான் வாத்தியாருக்கு வரும். எவ்வளவு இளைத்து வருகிறது என்று வாத்தியாருக்குத் தெரியாது.

மூலையில் ஒரு பழுத்த கொய்யா இருக்கிறார். ஒரே ஒரு வருஷம் இருந்து பார்க்கலாம் என்று வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. புதியவர் மனக்கோட்டை கட்டும்போதெல்லாம் இவர் செங்கல் செங்கலாக உருவுவார். "நான் வந்தப்போ கோழிச்சோறு 25 பாத், சம்பளம் முப்பதாயிரத்துச் சொச்சம். இப்போ கோழிச்சோறு 60. சம்பளம் அதே முப்பதாயிரத்துச் சொச்சம்" என்பார். லட்சம் பாத்துக்கு மேல் தருகிற சர்வதேசப் பள்ளிகள் இதே பாங்காக்கில் உண்டு. ஆனால் அவர்கள் சொந்த ஊரில் வாங்கிய ஆசிரியர் உரிமமும், அங்கே இரண்டு வருஷம் பாடம் நடத்திய அனுபவமும் கேட்பார்கள். அதாவது, வாத்தியாரைக் கேட்பார்கள்.

அதனால் நம்மவர் வேறு தேசத்து வரைபடத்தை விரிப்பார். கொரியாவில் 23 லட்சம் வோன் என்று படித்துவிட்டு, பூஜ்யங்களைப் பார்த்து ஒரு நாள் முழுக்கக் கிறங்கிக் கிடந்தார். டாலராக்கிக் காட்டியதும் தெளிந்தது. இருந்தாலும் அங்கே அறை இலவசம், வருஷம் முடித்தால் ஒரு மாதச் சம்பளம் கையில் கூட வரும், அதில் பிழையில்லை. ஜப்பானில் 1987 முதல் வெளிநாட்டு வாத்தியார்களை அழைக்கிற ஜெட் திட்டம் இருக்கிறது. 2025இல் சம்பளத்தைக் கூட்டி முதல் வருஷத்துக்கே 40 லட்சம் யென்னைத் தாண்டிக் கொடுக்கிறார்கள். ஆனால் ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்க முடியாது. சீனாவைப் பற்றிப் பழுத்தவரிடம் பேசக் கூடாது. சாயங்காலங்களில் பெய்ஜிங் பிள்ளைகளுக்குக் கணினித் திரையில் பாடம் சொல்லி நல்ல காசு பார்த்தவர் அவர். 2021 ஜூலையில் அந்த ஊர் அரசாங்கம் தனிப்பயிற்சித் தொழிலையே இழுத்து மூடியது. சாயங்காலமானால் திரை முன்னால் உட்காரும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். பொறாமைதான், மாதம் பத்தாயிரம் பாத் பொறாமை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். 45 பேர் வகுப்பில், மூன்று வருஷமாக வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பையன் இவரிடம் பேசினான். கால்பந்தைப் பற்றி, வினைச்சொல் ஒன்றுகூட இல்லாமல். இவர் திருத்தவில்லை, திருத்தவும் தெரியாது. பையன் அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. நானாக இருந்திருந்தால் முதல் வாக்கியத்திலேயே சிவப்பு மையைத் திறந்திருப்பேன்.

பிப்ரவரிக் கடைசியில் ஒப்பந்தத்தை எடுத்து முதல்முறையாகப் படித்தார். பத்து மாதத்துக்குத்தான் சம்பளம். கோடை விடுமுறைக்குக் கிடையாது. சோங்க்ரான் பண்டிகைக்குத் தெருத்தெருவாகத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே பள்ளி அவர் தலையில் ஊற்றிவிட்டது. மணிக்கு இருபது டாலர் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஹோ சி மின் நகரத்துக்குக் கிளம்பினார். போகும்போது மின்சாரக் கெட்டிலை எனக்குக் கொடுத்தார். அப்பாவின் டை ஆணியிலேயே தொங்குகிறது.

போன திங்கட்கிழமை புதியவர் வந்துவிட்டார். சம்பளம் 35,000. இன்று காலை என் மேஜைக்கு வந்து, 'ஹூ' எங்கே போடுவது, 'ஹூம்' எங்கே போடுவது என்று கேட்டார். உட்காரச் சொல்லிவிட்டுக் கெட்டிலில் தண்ணீர் வைத்தேன்.