பலகை சிறுத்தால் பாரம் குறையுமா?

ஒரு மனிதருடைய அந்தஸ்தை அவர் ஏறிவரும் வாகனத்தைக் கொண்டும், அவர் வீட்டு வாசற்கதவின் அகலத்தைக் கொண்டும் அளந்துவந்த காலம் போய், மேஜைமீது அவர் வைத்திருக்கும் கணினி விசைப்பலகையைக் கொண்டு அளக்கும் காலம் வந்திருக்கிறது. இதிலுள்ள விசேஷம் என்னவென்றால், வாகனமும் வாசற்கதவும் பெரிதாக இருந்தால்தான் கௌரவம். விசைப்பலகையோ சிறுக்கச் சிறுக்க மதிப்பும் ஏறுகிறது, பல சமயங்களில் விலையும் ஏறுகிறது. சரக்கைக் குறைத்துக் காசை ஏற்றும் இந்த வித்தையில், மினி இட்லி போடும் ஹோட்டல்காரர்களுக்கு அடுத்தபடியாகத் தேர்ச்சி பெற்றவர்கள் விசைப்பலகை வியாபாரிகளே என்பது என் அபிப்பிராயம்.

விசைப்பலகையின் பூர்வோத்தரத்தை விசாரித்தால், அது ஒரு கூட்டுக் குடும்பம் பெருத்த கதையாகவே இருக்கிறது. 1981இல் ஐபிஎம் நிறுவனத்தார் தங்கள் பிசியை வெளியிட்டபோது அதன் பலகையில் 83 விசைகள் இருந்தன. 1984இல் வந்த ஏடி கணினியில் ஒன்று கூடி 84 ஆயிற்று. அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே, மொய் எழுதுவதற்கு உகந்த எண்ணாகிய 101ஐ எட்டிவிட்டது. பின்னர் விண்டோஸ் விசைகள் இரண்டும் மெனு விசை ஒன்றும் வந்து சேர, 104இல் நிலைத்தது. வந்தவர்கள் பலர், வெளியேறியவர் எவருமில்லை. எக்செல் கணக்கு ஏட்டில் தவிர வேறெங்கும் பெரும்பாலும் வேலையற்றுப் போன ‘ஸ்க்ரோல் லாக்’ விசைகூட, எந்த வேலைக்கும் போகாமல் திண்ணையை விட்டு எழுந்திராத பெரியப்பாவின் உரிமையுடன் இன்றும் அங்கே வீற்றிருக்கிறது.

இந்த முழுப் பலகையின் பரம பக்தர் என் மைத்துனர். அவர் ஆடிட்டர். சுமார் 45 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தப் பலகையின் வலக்கோடியிலுள்ள எண் விசைகளில் அவருடைய வலக்கை, கண்ணின் உதவியின்றியே சஞ்சரிக்கும். அந்த எண் பகுதி இடத்தை அடைத்துக்கொள்வதால் மவுஸ் வெகுதூரம் விலகிப்போக, அதை எட்டி எட்டிப் பிடித்துத் தோள்வலி கண்டிருக்கும் அவரிடம், எண் பகுதியே இல்லாத, 87 விசைகளும் சுமார் 36 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட ‘டென்கீலெஸ்’ பலகை ஒன்று உண்டென்று நான் யோசனை சொன்னபோது, “தோள் போனால் தைலம் இருக்கு, மாப்பிள்ளை, எண் போனால் என்ன இருக்கு?” என்று கேட்டார். அதற்கு மேல் நான் வாதிடவில்லை.

அவருக்கு நேர் எதிர்த் துருவத்தில் இருப்பவன் மென்பொருள் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன். அவனுடையது ‘அறுபது சதவீத’ப் பலகை, அதில் 61 விசைகளே உண்டு. எண் பகுதி மட்டுமின்றி, மேல் வரிசையிலுள்ள எஃப் விசைகளும், திசை காட்டும் அம்புகளும்கூட அங்கே இல்லை. சிறிய பலகையென்றால் விசைகளும் சிறுத்திருக்கும் என்று பலர் எண்ணுவது சரியல்ல. ஒரு விசையின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் இடையே பெரிய பலகையில் உள்ள அதே 19 மில்லிமீட்டர் சொச்சம் இதிலும் உண்டு. குறைந்தது ஜனத்தொகையே தவிர ஆட்களின் உயரமல்ல. “டிலீட் எங்கேடா?” என்று கேட்டேன். “இருக்கு மாமா, கண்ணுக்குத்தான் தெரியாது. எஃப்என்னை அழுத்திக்கிட்டு இன்னொண்ணை அழுத்தினா வரும்” என்றான். பிரம்மத்தைப் பற்றி உபந்நியாசகர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டிலீட் விசையும் அந்த நிலையை எய்திவிட்டதென்பது அன்றுதான் தெரிந்தது.

சிறு பலகைக்காரர்களுக்கு ஒரு தத்துவமும் உண்டு. 1996இல் ஜப்பானில் வெளிவந்த ‘ஹேப்பி ஹேக்கிங்’ என்ற சிறு பலகைக்கு மூலபுருஷரான எய்ச்சி வாடா என்னும் பேராசிரியர், அமெரிக்க மாட்டிடையர்கள் பாலைவனத்தில் குதிரை இறந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டுச் சேணத்தை மட்டும் சுமந்து நடப்பார்கள் என்றும், கணினி குதிரை போன்றது, விசைப்பலகையோ சேணம் போன்றது என்றும் விளக்கினார். இதை வேதவாக்காகக் கொண்ட என் மருமான், தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குத் தன் சேணத்தோடு போனான். நள்ளிரவில் அவன் தட்டிய சடசடப்பைக் கேட்டு மழையென்று எண்ணிய மாமனார், மொட்டை மாடியில் உலர்த்திய துணிகளை எடுக்க ஓடினாராம்.

பெரிய பக்கத்திலும் அதீதங்களுக்குக் குறைவில்லை. ஐபிஎம் பெருங்கணினி முனையங்களுக்கென எஃப் விசைகள் மட்டுமே 24 கொண்ட, 122 விசைப் பலகைகள் இருந்தன. எம்.ஐ.டி.யில் லிஸ்ப் கணினிகளுக்காகச் செய்த ‘ஸ்பேஸ் கேடட்’ பலகையிலோ, கட்டைவிரல் உயர்ந்த விசையும் தாழ்ந்த விசையும் இருந்தன. முகநூல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே விருப்புக்கும் வெறுப்புக்கும் ஆசனம் போட்டுவிட்டார்கள். 2022இல் கூகுள் ஜப்பான் நிறுவனத்தார், எல்லா விசைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி, 165 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பலகையை வேடிக்கைக்காகச் செய்து காட்டினார்கள். அதில் கடிதம் எழுதுகிறவர் தினசரி நடைப்பயிற்சியைத் தனியாகச் செய்ய வேண்டியதில்லை.

தமிழனுக்கோ இந்தச் சிக்கனம் புதிதல்ல. 12 உயிரையும் 18 மெய்யையும் ஓர் ஆய்தத்தையும் 31 விசைகளில் இருத்தி, 247 எழுத்துகளையும் அவற்றைக் கொண்டே பிறப்பிக்கும் தமிழ்99 முறை, 1999இலேயே தமிழக அரசின் அங்கீகாரம் பெற்றது. அந்த 31 விசைகளும் அறுபது சதவீதப் பலகையில் அப்படியே இருக்கின்றன. அதற்கும் கீழே இறங்கி, எண் வரிசையையும் துறந்த நாற்பது சதவீதச் சந்நியாசப் பலகைக்குப் போனால்தான் ஆபத்து. அங்கே பெரும்பாலும் சதுர அடைப்புக்குறி விசைகள் கிடையா. தமிழ்99இல் சகரம் குடியிருப்பதோ அந்த அடைப்புக்குறி விசை ஒன்றில். ஆகவே சோறு, சம்பளம், சம்சாரம் ஆகிய மூன்றையும் எஃப்என்னின் தயவில்லாமல் எழுத முடியாது.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து நான் கண்ட முடிவு இதுதான்: விசையைக் குறைப்பதால் வேலை குறைவதில்லை, மேஜையிலிருந்து இறக்கிய பாரம் ஞாபகத்தின்மீது ஏறுகிறது. ஞாபக சக்தி மிகுந்த இளைஞர்கள் 61ஐ வாங்கட்டும். பிறர் பணத்தை எண்ணிப் பிழைப்பவர்கள் 104ஐ விடவே வேண்டாம். எழுத்தை நம்பி வாழ்கிற என் போன்றவர்களுக்கு 87 போதும். நாற்பது சதவீதத்தை வாங்க விரும்பும் அன்பர்கள், கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் அந்தப் பலகையில் ‘சம்பளம்’ என்று ஒருமுறை தட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.