நுரை நிக்குதான்னு பாருலே

என்னலே வாத்தியாரே, கெமிஸ்ட்ரி வேலைக்குச் சேந்துட்டியாம்லா. ஸ்மார்ட் போர்டுல விரலை வச்சா ப்யூரெட்டு சொட்டுதாமே? அப்படியே அல்வாவையும் அதுலயே கிண்டிரு. சட்டி கழுவுற சோலி மிச்சம்.

நான் லேப் அட்டெண்டரா குப்பை கொட்டுனவன். பாடம் நடத்துனதில்ல, நடத்துனதைப் பாத்தவன். பிராக்டிகலுக்கு முந்துன நாளு புள்ளைய என்னத்தக் கேக்கும் தெரியுமா? "அண்ணாச்சி, நாளைக்கு என்ன உப்பு?" பேரு மட்டும் தெரிஞ்சுட்டா, குழாய்ல வராத பழுப்பு வளையம் நோட்டுல வந்துரும். டைட்ரேசன்ல ரெண்டாவது அளவு மொத அளவைப் பாத்துப் பொறக்கும். பர்மாங்கனேட்டு அடர் ஊதா, கீழ்வளைவு கண்ணுக்குத் தெரியாது, மேல்விளிம்பைப் பாத்துத்தான் அளவெடுக்கணும். எந்த விளிம்பைப் பாத்தேன்னு கேட்டா பய முழிப்பான். விடையைத் தெரிஞ்சுக்கிட்டு சோதனை செய்யுறது, தாலியைக் கட்டிட்டுப் பொண்ணு பாக்கப் போன கதைதான?

நம்மூரு கொக்கிரகுளத்துல 1987-லயே மாவட்ட அறிவியல் மையம் வந்தாச்சு. பஸ்ஸு பிடிச்சுப் புள்ளையளக் கூட்டிட்டுப் போவீய, நல்லதுதான். பக்கத்துல ஓடுற தாமிரபரணியில ஒரு குப்பி தண்ணி மோந்துட்டு வர ஒருத்தனுக்குத் தோணுச்சா?

ஒனக்கே விடை தெரியாத சோதனையா எடுலே. குறுக்குத்துறை ஆத்துத் தண்ணி ஒண்ணு, கெணத்துத் தண்ணி ஒண்ணு, அவனவன் தெரு போர்த் தண்ணி ஒண்ணு, மழைத்தண்ணி கெடைச்சா அதுவும். குழாய்க்குப் பத்து மில்லி. சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டுக் குலுக்கு. நுரை ஒரு நிமிசம் நிக்க எத்தன சொட்டு ஆச்சு? அவ்வளவுதான். சோப்புப் பொடியக் கரைச்சுராத மூதி, அது உப்புத் தண்ணியிலயும் நுரைச்சுத் தொலைக்கும். குளிக்குற சோப்பைச் சீவிக் கரை.

மொத நாளு கணக்கு கன்னாபின்னான்னு வரும். ஏன்? ஒருத்தன் உடுக்கை மாதிரி குலுக்குவான், ஒருத்தி தொட்டில் மாதிரி ஆட்டுவா. அதுக்குத் தண்ணியக் கொறை சொல்லாத. அடுத்த தரம் எல்லாக் குழாயையும் ஒரே ஆளு குலுக்கட்டும். ஒண்ணை மட்டும் மாத்து, மத்ததைத் தொடாத. பொறவு போர்த் தண்ணியக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, திருப்பி எண்ணு. சொட்டு கொறைஞ்சா ஒரு சேதி, கொறையலைன்னா வேற சேதி. ஏம்னு கேக்கத் தானா வாயத் தொறப்பான், நோட்டு மூடிக் கெடக்கும்போதே.

இதுக்கு கிட்டு கேட்டு மேல எழுதிக்கிட்டு கெடக்காத. ஆனா ஒண்ணு. முந்துன நாள் சாயங்காலம் நீ தனியா ஒருதரம் செஞ்சு பாத்துரு. நான் பாத்த வாத்தியார்ல பாதிப்பேரு புள்ளைய முன்னாடிதான் மொதத் தரம் குழாயத் தொட்டாவ. கை நடுங்குனது எனக்குத்தான தெரியும்!

நாளைக்குப் புள்ளைய கிட்ட குப்பி கொண்டாரச் சொல்லு. சீவுறதுக்கு அரைக்கட்டி சோப்பு எங்க குளிக்குற தொட்டி மேல கெடக்கு, வந்து எடுத்துக்க.