நூறு சதவீத வேலைவாய்ப்பு

பிளஸ் டூ முடிவு வெளிவந்த மறுநாளே தமிழ்நாட்டு பைபாஸ் சாலைகளில் ஃபிளெக்ஸ் முளைத்துவிடும். கோட்டு சூட்டில் கைகட்டி நிற்கும் மாணவர்கள், அவர்கள் தலைக்கு மேல் கல்வித் தந்தையின் புன்னகை, அதற்கும் மேல் கொட்டை எழுத்தில் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு'. இதைப் பொய் என்று சொல்லித் திரிகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். அது சத்தியமான உண்மை. வேலை யாருக்கு என்பதை எழுதத்தான் ஃபிளெக்ஸில் இடம் போதவில்லை.

முதல் வேலை கல்வித் தந்தைக்கு. அதுவும் ஆயுள் முழுக்க. மகன் செயலாளர், மருமகள் முதன்மைச் செயல் அலுவலர், மருமகனுக்குப் பேருந்து கான்ட்ராக்ட், மச்சானுக்கு ஹாஸ்டல் மெஸ். ஒரு குடும்பத்தில் ஒருவர்கூட விடுபடாமல் வேலை கிடைப்பது ஐஐடியிலும் நடக்காத காரியம். 1984-இல் எம்.ஜி.ஆர் ஆட்சி சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. எட்டாக்கனியாக இருந்த படிப்பு ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் எட்டியது உண்மைதான். கூடவே, படிக்காமலே பெரிய ஆளாகும் இன்னொரு தொழிலும் பிறந்தது. உச்சத்தில் ஐந்நூற்றைம்பதைத் தாண்டிய கல்லூரிகள் இன்று நானூற்றுச் சொச்சம். இழுத்து மூடியவர்களும் தெருவுக்கு வந்துவிடவில்லை. நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விலை மட்டும் ஏறியிருக்கிறது.

கட்டாய நன்கொடை வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் இங்கே யாரும் நன்கொடை வாங்குவதில்லை. 'டெவலப்மென்ட்' வாங்குகிறார்கள், 'ஸ்கில் ட்ரெய்னிங்' வாங்குகிறார்கள், 'பிளேஸ்மென்ட் ஃபீஸ்' வாங்குகிறார்கள். கட்டண நிர்ணயக் குழு 2017-இல் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு ஆண்டுக்கு 85,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 87,000 ரூபாய் என்று வரையறுத்தது. அந்தத் தொகையோடு அலுவலகத்துக்குள் போன அப்பாவிடம் "மீதி எங்கே சார்?" என்றுதான் கேட்பார்கள். அந்த மீதிக்கு ரசீது கேட்டால், "சீட் வேணுமா, ரசீது வேணுமா?"

அடுத்த வேலை பேராசிரியருக்கு. உலகமெங்கும் ஒருவருக்கு ஒரு வேலை கிடைப்பதே திண்டாட்டம். ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட ஆவணங்களின்படி, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் இருநூறுக்கும் மேற்பட்டவற்றில், நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேரமாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இருந்தார். எங்கும் நிறைந்த பரம்பொருள் என்று பெரியவர்கள் சொன்னதை நாம் நம்பாமல் போய்விட்டோம். ஆய்வுக் குழு வரும் நாளில் காகிதத்தில் அவதரித்து, குழு போனதும் மறைந்துவிடுவார். அப்புறம் பாடம் நடத்தியது யார்? போன வருஷம் அதே கல்லூரியில் படிப்பை முடித்து, வெளியே வேலை கிடைக்காமல், பதினைந்தாயிரம் ரூபாய்க்குத் திரும்பி வந்த பையன். பிளேஸ்மென்ட் பட்டியலில் அவனும் ஒரு எண்ணிக்கை.

அந்தப் பட்டியலின் கணக்கு தனிக் கலை. ஐந்நூறு பேர் படித்தால் ஐந்நூறால் வகுப்பது பாமரர் வழக்கம். அரியர் வைத்தவனை முதலில் கழிக்க வேண்டும். அவன் 'தகுதி' இல்லாதவன். மேல்படிப்பு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி இன்னும் நூறு பேரைக் கழிக்க வேண்டும். ஒரே பெண்ணுக்கு நான்கு கம்பெனி ஆஃபர் வந்தால் நான்கு என்று கூட்ட வேண்டும். மேலே ஏற்ற வேண்டியதை ஏற்றி, கீழே இறக்க வேண்டியதை இறக்கினால் நூறு என்ன, நூற்றிருபதுகூட வரும். அடக்கம் கருதி நூறோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மூன்றாவது வேலை வழிகாட்டிகளுக்கு. கல்யாண மண்டபத்தில் குளிர்சாதன வசதியோடு 'உயர்கல்வி வழிகாட்டி' நிகழ்ச்சி. வெளியே வரிசையாகக் கல்லூரிகளின் ஸ்டால். உள்ளே மேடையில் அந்த ஸ்டால்காரர்கள் காசில் அழைத்து வரப்பட்ட நிபுணர். "மாணவர்களே, உங்கள் கனவைத் துரத்துங்கள்" என்பார். பையன் கனவைச் சொல்ல வாய் திறப்பதற்குள், "இன்றைய டிரெண்டு ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ்" என்று முடித்துவிடுவார். கூட்டம் கலையும்போது ஒரு துணிப்பை, நான்கு கல்லூரி பிராஸ்பெக்டஸ், ஒரு பேனா. பேனாவில் மை இருக்காது.

2001-இல் டாட்காம் சரிந்தபோது இதே மேடைகளில் "கம்ப்யூட்டர் பக்கமே போகாதீர்கள்" என்றார்கள். நான்கு ஆண்டு கழித்து ஐ.டி. கம்பெனிகள் வளாகம் வளாகமாக வந்து ஆளை அள்ளிக்கொண்டு போயின. 2008 சரிவுக்குப் பிறகு "மெக்கானிக்கல் எவர்கிரீன், சிவில் சாகாது" என்றார்கள். நம்பிச் சேர்ந்தவர்கள் வெளியே வந்தபோது அந்த டிபார்ட்மென்டுகள் காற்று வாங்கின. இப்போது செயற்கை நுண்ணறிவு. தரமான நிறுவனங்கள் எத்தனை இடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று, தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்வையிடும் ஏஐசிடிஇ 2024-இல் உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. சேரும் நாளின் சந்தையைப் பார்த்துப் பாடம் எடுக்கும் பிள்ளை, வெளியே வரும் நாளின் சந்தையில்தான் நிற்கப் போகிறான். நான்கு வருஷத்துக்குப் பின் எது ஓடும் என்று நிபுணருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் நிபுணருக்கு மறு வருஷம் மேடை கிடைக்காது.

நான்காவது வேலை ஏஜென்ட்டுக்கு. தலைக்கு இவ்வளவு என்று ரேட் பேசி, பள்ளிக்கூடத்திலிருந்து மதிப்பெண் பட்டியலையும் போன் நம்பரையும் வாங்கி, "அக்கா, தம்பிக்கு சீட் போட்டாச்சா?" என்று அடுப்படி வரை வரும் பாசக்காரர். சில ஊர்களில் அந்த வேலையைப் பாடம் நடத்திய வாத்தியாரே செய்கிறார். பன்னிரண்டு வருஷம் 'சார், சார்' என்று கைகட்டி நின்ற பிள்ளைக்கு அவர் கடைசியாகச் செய்யும் உபகாரம், அவனை விற்றுக் கமிஷன் வாங்குவது.

ஐந்தாவது வேலை கடன் வசூலிப்பவர்களுக்கு. கல்விக் கடன் வாங்கிப் படித்தவனுக்கு வேலை கிடைக்காவிட்டால் என்ன, அந்தக் கடனுக்கு வேலை கிடைத்துவிடும். 2016 வாக்கில் ஸ்டேட் பாங்க், வராத கல்விக் கடன்களை ரிலையன்ஸின் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்குத் தள்ளுபடி விலையில் தள்ளிவிட்டது. வங்கி தரும் தள்ளுபடி வசூல் கம்பெனிக்குத்தான். கடன் வாங்கிய பிள்ளைக்கு இல்லை. அவன் வீட்டு வாசலில் முழுத் தொகையும் வட்டியும் கேட்டு ஆள் நிற்பான்.

இத்தனை பேரையும் தாண்டி வேலைக்குள் நுழைந்துவிட்டவனுக்கு மேலிருந்து உபதேசம் தயாராக இருக்கிறது. இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் இணை நிறுவனர் நாராயண மூர்த்தி அருளினார். அதே கம்பெனியில் 2022-இல் தேர்வாகி, ஆஃபர் லெட்டரைப் பூஜை அறையில் வைத்து இரண்டு ஆண்டுகள் காத்திருந்து, ஒருவழியாக மைசூரு வளாகத்தில் சேர்ந்த பிள்ளைகள் உண்டு. 2025 பிப்ரவரியில் உள்தேர்வில் தேறவில்லை என்று முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் அங்கிருந்து அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் அப்படிக் காத்திருந்தவர்கள். இரண்டு ஆண்டு என்றால் நூற்று நான்கு வாரம். வாரத்துக்கு எழுபது வீதம் 7,280 மணி நேரம். உழைக்கத் தயாராக இருந்த பிள்ளையிடமிருந்து உருவிக்கொண்ட இந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது, ஐயா?

எழுபது போதாது, தொண்ணூறு வேண்டும், ஞாயிறும் வேண்டும், வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்ப்பீர்கள் என்று 2025 தொடக்கத்தில் எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் கேட்டார். 2023-24 நிதியாண்டில் அவர் பெற்ற ஊதியம் சுமார் 51 கோடி. ஒரு நாளைக்குப் பதினான்கு லட்சம் ரூபாய். ஐ.டி. கம்பெனிகளில் புதிதாகச் சேர்பவனின் ஆண்டுச் சம்பளமோ பத்தாண்டுக்கும் மேலாக மூன்று, மூன்றரை லட்சத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. ஐயா ஒரு நாளில் வாங்குவதை எட்ட அவன் நான்கு வருஷம் உழைக்க வேண்டும். அத்தனை வருஷம் அவனை வைத்திருப்பார்கள் என்பதும் நிச்சயமில்லை. உலகமெங்கும் பன்னிரண்டாயிரம் பேரை வெளியேற்றுவதாக டிசிஎஸ் 2025 ஜூலையில் அறிவித்தது.

பின்னே ஏன் அரசு வேலைக்கு அலைமோத மாட்டார்கள்? 2018-இல் தமிழ்நாடு சட்டமன்றச் செயலகத்தில் பெருக்குவதற்கும் துப்புரவுக்கும் 14 பணியிடங்கள் அறிவிக்கப்பட்டன. வந்த விண்ணப்பங்கள் 4,607, அவற்றில் எம்.டெக்., எம்.பி.ஏ. படித்தவர்களும் இருந்தார்கள். பத்தாம் வகுப்பு போதும் என்ற குரூப் 4 தேர்வுக்கு 2024-இல் முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். "படித்துவிட்டுப் பெருக்கப் போகிறார்களே" என்று டிவி விவாதத்தில் உச்சுக்கொட்டினார்கள். உச்சுக்கொட்ட ஒன்றுமில்லை. விளக்குமாறு பிடிப்பதில் இழிவும் இல்லை. குறித்த நேரம், மாதம் பிறந்தால் சம்பளம், நாளைக்கும் வேலை இருக்கும் என்ற உறுதி: இந்த மூன்றும் எங்கே கிடைக்கும் என்று ஆராய்ந்து முடிவெடுத்தவர்கள் அவர்கள். எந்த நிபுணரும் சொல்லித் தராத நிதானமான தேர்வு அதுதான்.

முதல் தலைமுறைப் பட்டதாரி வீட்டை நினைத்தால் வயிறு எரிகிறது. கல்லூரி முதலாளியின் பேரன் தவறான பாடம் எடுத்தால் மறு வருஷம் மாற்றிக்கொள்வான். இல்லையேல் லண்டனுக்குப் போவான். சாயப்பட்டறைத் தொழிலாளியின் மகளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. வீட்டில் கேட்க ஆளில்லை. அப்பாவுக்குக் கல்லூரி வாசலே புதிது. கோட்டு போட்டவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கைக்குத்தான் இத்தனை பேரும் விலை வைத்திருக்கிறார்கள். அடகுக்குப் போனது அவள் அம்மாவின் தாலிக்கொடி. நாளைக்கு எல்லாம் பிசகினால், "பொண்ணு சரியா செலக்ட் பண்ணல" என்று பழியையும் அவள் தலையிலேயே கட்டுவார்கள். ஆன்லைன் கவுன்சலிங்கில் கல்லூரியையும் பாடத்தையும் தேர்ந்தெடுக்கும் கட்டத்துக்கு 'சாய்ஸ் ஃபில்லிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மறைத்த பட்டியலை நீட்டி 'எடுத்துக்கொள்' என்பது சாய்ஸ் என்றால், சூதாட்டக்காரனும் வழிகாட்டிதான்.

தேர்வு என்ற சொல்லுக்கு மானம் வேண்டுமென்றால், மேடையில் வராத சில கேள்விகளைப் பெற்றோர் கேட்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் எந்தக் கல்லூரியில் எத்தனை சதவீதம் பேர் தேறினார்கள் என்பதை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. ஒற்றை இலக்கக் கல்லூரிகளும் அதில் உண்டு. ஃபிளெக்ஸைப் பார்க்கும் கண்ணால் அதையும் பாருங்கள். சென்ற ஆண்டு எந்த கட்-ஆஃப் வரை இடம் நிரம்பியது என்று பாருங்கள். டிபார்ட்மென்ட் ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு, அவர்களில் இருவரை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஆஃபர் எத்தனை என்று கேட்காதீர்கள். சேர்ந்தவர் எத்தனை, என்ன வேலை, என்ன சம்பளம், ஒரு வருஷம் கழித்தும் இருக்கிறவர் எத்தனை என்று கேளுங்கள். இறுதியாண்டு மாணவனை கேன்டீனில் பிடித்துத் தனியாகப் பேசுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள்: யாரும் சொல்லாமலே நீ எந்தப் பாடத்தைத் திறந்து உட்காருகிறாய்? டிரெண்டு மாறினாலும் அடுத்ததைக் கற்றுக்கொண்டு கரையேறப் போகிறவன், அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவன்தான்.

ஆனால் இந்தத் துப்பறியும் வேலையைக் கூலிக்காரரின் தலையில் கட்டிவிட்டு அரசு கைகழுவக் கூடாது. நூறு ரூபாய் எல்இடி பல்பு வாங்கினால் கடைக்காரர் தேதி போட்டு உத்தரவாத அட்டை தருகிறார். எரியாவிட்டால் மாற்றித் தருகிறார். நான்கு வருஷப் படிப்புக்கும் அதற்குக் கொட்டும் எட்டு லட்சத்துக்கும் அப்படி ஓர் அட்டை இல்லை. வேலைவாய்ப்புக் கணக்கைத் தணிக்கையாளர் கையெழுத்தோடு வெளியிட வேண்டும், பொய்யென்று தெரிந்தால் வாங்கிய கட்டணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும், இரண்டாம் முறை பிடிபட்டால் இணைப்பை ரத்து செய்ய வேண்டும். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் சட்டம் இது. இதைக் கொண்டுவர முடியாது என்று எந்த அமைச்சராவது சொன்னால் அவரிடம் கேட்க ஒரே கேள்விதான்: உங்கள் குடும்பத்துக்கு எத்தனை கல்லூரி?