ஸ்பாஞ்சின் உத்தியோகம்

சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு 60 வயதில் மாலை போட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைக்கும் நம் நாட்டில், பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சுக்கு ஓய்வு எப்போது என்பது மட்டும் எந்தக் குடும்பத்திலும் நிர்ணயமாகவில்லை. டம்ளரில் சேவையைத் தொடங்கி, பச்சை முகம் தேய்ந்ததும் வாணலிக்கு மாற்றலாகி, மூலை பிய்ந்தபின் சிங்க்குக்கும், அங்கிருந்து குளியலறைத் தரைக்கும், கடைசியில் ஸ்கூட்டர் சக்கரத்துக்கும் அது போய்ச் சேருகிறதே தவிர, குப்பைக்கூடைக்கு அனுப்பும் உத்தரவில் கையெழுத்திட ஒருவருக்கும் மனம் வருவதில்லை.

ஜெர்மனியில் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழகத்து மார்க்குஸ் ஏகர்ட்டும் அவருடைய சகாக்களும், வீடுகளில் புழங்கிய 14 ஸ்பாஞ்சுகளைச் சேகரித்துப் பரிசோதித்து 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஸ்பாஞ்சின் சில பகுதிகளில் ஒரு கன சென்டிமீட்டருக்குள்ளேயே 5,000 கோடிக்கு மேற்பட்ட பாக்டீரியாக்கள், அதாவது பூலோகத்து மனித ஜனத்தொகையைப் போல் ஆறு மடங்கு, வாடகையின்றிக் குடியிருக்கின்றன. துவாரங்களில் தேங்கிய தண்ணீரும், சாம்பார்ப் பருக்கையும், அடுக்களையின் இளஞ்சூடும் இருக்கும்போது அவை வேறெங்கே போகும்? அவற்றில் பெரும்பாலானவை சாதுக்கள்தாம். தேக பலம் குன்றியவர்களுக்குத் தொல்லை தரக்கூடியவையும் சில உண்டு. மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்ஸிஸ் என்று அட்சரம் தவறாமல் சொல்லவே பயிற்சி வேண்டிய ஒன்றுதான், ஐப்பசி மழையில் அரைகுறையாய் உலர்ந்த துணிக்கு அந்த முடைநாற்றத்தைக் கொடுக்கும் மகாநுபாவர்.

இந்தச் செய்தி எங்கள் இல்லத்தை எட்டியதும் ஸ்பாஞ்சுக்குத் தினந்தோறும் வெந்நீர் அபிஷேகம் ஆரம்பமாயிற்று. மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கலாம் என்றான் பையன். நன்றாக நனைத்து வைக்காவிட்டால் தீப்பற்றும் என்பதால் அந்த யோசனை நிராகரிக்கப்பட்டது. "இதைக் காய்ச்சின காஸுக்கு நாலு புது ஸ்பாஞ்ச் வாங்கியிருக்கலாமே!" என்றாள் என் மனைவி. அவள் ஜெர்மானியரின் கட்டுரையைப் படித்தவளல்லள். ஆயினும், அவ்வப்போது சுத்தம் செய்வதாக உரியவர்கள் சொன்ன ஸ்பாஞ்சுகளில்தான் மேற்படி மகாநுபாவரின் விகிதாசாரம் அதிகமாயிருந்தது என்றும், ஆகவே வாரம் ஒரு முறை புதிது மாற்றுவதே உத்தமம் என்றும்தான் அவர்களும் எழுதியிருக்கிறார்கள். சாதுக்கள் மாண்டுபோக, எதற்கும் அசையாதவர்கள் காலியான இடத்தையும் சேர்த்து ஆக்கிரமித்துக்கொள்கிறார்கள் போலும்.

அந்தக் காலத்துத் தேங்காய் நாரையும் அடுப்புச் சாம்பலையும் இந்த இடத்தில் புகழ்வது சம்பிரதாயம். ஆனால் அந்த நாரும் கொட்டாங்கச்சியில், ஈரச் சாம்பலோடு ஊறித்தான் கிடந்தது என்பதைக் கண்ணால் கண்டவன் நான். அதன் மேன்மையெல்லாம் காசில்லாமல் கிடைத்ததில் இருந்தது. மறுநாள் மட்டையிலிருந்து வேறொரு பிடி பிய்த்துக்கொள்ளலாம் என்பதால், பழையதைத் தூக்கி எறிய எந்தக் கிருகலட்சுமிக்கும் கை நடுங்கவில்லை. காசு கொடுத்து வாங்கியதை, பிய்ந்து நூலாவதற்குமுன் எறியச் சொல்வது கிருமி சாஸ்திரத்துக்குச் சுலபம். குடும்ப சாஸ்திரம் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2021-இல் ஒரு சமரசத்துக்கு வழி காட்டினார்கள். பாத்திரம் தேய்க்கும் பிரஷ்ஷை உலரவிட்டால் அதிலுள்ள சால்மொனெல்லா மடிகிறது. ஈரம் வற்றாத ஸ்பாஞ்சிலோ சௌக்கியமாகப் பிழைத்துக் கிடக்கிறது. பிரஷ் வாங்குவது பற்றி எங்கள் வீட்டில் நான் பிரஸ்தாபித்தேன். அண்டாவின் அடியில் அது என்னத்தைத் தேய்க்கும் என்ற ஒரே கேள்வியில் அந்தப் பிரேரணை தள்ளுபடியாயிற்று. ஆனால் உலர்த்தும் தத்துவம் அங்கீகாரம் பெற்றது. இரவில் கடைசிப் பாத்திரம் கவிழ்ந்ததும், ஸ்பாஞ்ச் ஒட்டப் பிழியப்பட்டு, கிளிப் மாட்டிக் கொடியில் தொங்குகிறது. வாரம் ஒன்று என்ற ஜெர்மானியச் சட்டத்துக்கு, மாதம் ஒன்று என்று என் மனைவி ஒரு திருத்தம் கொண்டுவந்து நிறைவேற்றியிருக்கிறாள். விவாதத்துக்கு அனுமதி கோரிய அங்கத்தினர் கையில் அடிப்பிடித்த பால் பாத்திரம் கொடுக்கப்பட்டது.